பெயர் ஒன்று, எஞ்சின் மூன்று

பழைய மன்னர்களின் வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் தேடுவது அறிஞர் வழக்கம். இயந்திரங்களின் வரலாற்றைத் தேடுவோர்க்கும் அத்தகைய சான்றுகள் உண்டு. வார்ப்பிரும்பின் மேல் புடைத்து நிற்கும் எண்ணும், கதவோரத்துத் தகட்டில் பதித்த எழுத்தும், குழாய் ஓடும் பாதையுமே அவை. கல்வெட்டைப் பிழையாகப் படித்தால் நூலில் ஒரு தவறு ஏறும். அதை மற்றோர் அறிஞர் பின்னர் திருத்திவிடுவார். எஞ்சினைப் பிழையாகப் படித்தவனுக்கோ சிலிண்டர் வெடிக்கும், பணமும் போகும்.

1994-ம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவில் விற்பனையான போர்ட் எப்-250 பிக்-அப் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் டீசல் எஞ்சின் 7.3 லிட்டர் என்று போர்ட் நிறுவனம் கூறியது. கன அங்குலத்தில் 444. விற்பவர் சொல்வதும் இதுவே, பதிவுச் சீட்டு காட்டுவதும் இதுவே. ஆயினும் அந்த ஓராண்டில் அந்த ஒரே அளவில் வெவ்வேறான மூன்று எஞ்சின்கள் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. ஒன்று டர்போ இல்லாதது. மற்றொன்று அதே எஞ்சின் டர்போவுடன் கூடியது. மூன்றாவது, அளவைத் தவிர மற்ற எதிலும் முன்னிரண்டோடு உறவில்லாதது. இவை போக, டர்போ இல்லாமல் பிறந்து பின்னர் பட்டறையில் டர்போ பூட்டப்பெற்ற வண்டிகளும் சாலையில் ஓடின. அவற்றையும் சேர்த்தால் கணக்கு நான்காகும்.

இக்குழப்பம் ஏன் நேர்ந்தது என்பதை அறிய, டீசல் எஞ்சினின் அடிப்படையைச் சற்றே நினைவுகூர்வது நலம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சிறுவன் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிவான். அழுத்தப்பட்ட காற்று சூடேறும் என்பதே அதன் காரணம். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் இந்தச் சூட்டையே தீக்குச்சியாக்க முனைந்தார். 1892-ல் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் அவருடைய எஞ்சின் சோதனையில் வென்றது. மிகுதியாக அழுத்தப்பட்ட காற்றில் எண்ணெயைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே அது பற்றிக்கொள்கிறது.

எண்ணெயை எங்கே பீய்ச்சுவது என்பதில் பிற்காலப் பொறியாளர் இரண்டு கட்சியாயினர். சிலிண்டரின் தலைப்பாகத்தில் ஒரு சிற்றறை அமைத்து, அதனுள் எண்ணெயைப் பீய்ச்சித் தீமூட்டி, அத்தீ சிலிண்டருக்குள் பாயுமாறு செய்தது ஒரு கட்சி. இதை மறைமுகப் பீய்ச்சு முறை எனலாம். இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ 1930-களில் செம்மைப்படுத்திய சுழலறை இவ்வகையில் புகழ் பெற்றது. மற்றக் கட்சியோ சிற்றறையே வேண்டாம் எனத் தள்ளி, பிஸ்டனின் தலையிலேயே குழிவு அமைத்து அதில் நேராகப் பீய்ச்சியது. இது நேர்ப் பீய்ச்சு முறை. முன்னது ஓசை குறைந்தது, ஆனால் சிற்றறையின் சுவர் வழியே வெப்பம் வீணாகும். பின்னது எண்ணெயைச் சிக்கனமாகச் செலவிடும், ஆனால் உரத்து உறுமும்.

டர்போ என்பதோ கொல்லன் துருத்தி போன்றது. துருத்தியை ஆள் ஊதவேண்டும். டர்போவை எஞ்சின் வெளிவிடும் புகையே ஊதுகிறது. வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதே அச்சில் மறுமுனையிலுள்ள சக்கரம் புதுக்காற்றை அள்ளிச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று மிகுந்தால் மிகுதியான எண்ணெயை எரிக்கலாம். ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரட் பூக்கி 1905-லேயே இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் கப்பல் எஞ்சின்களில் இது நன்கு வேலை செய்ததை உலகம் காண இருபது ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்கக் குடியானவனின் பிக்-அப் வண்டிக்கு அது வந்து சேர்வதற்கோ மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின.

1973-லும் 1979-லும் நேர்ந்த எண்ணெய் நெருக்கடிகளே அமெரிக்கச் சிறுவண்டிகளில் டீசல் எஞ்சினைப் புகுத்தின. முதலில் முந்திக்கொண்டது ஜெனரல் மோட்டார்ஸ். அதன் ஓல்ட்ஸ்மொபீல் பிரிவு உருவாக்கிய 5.7 லிட்டர் டீசல் எஞ்சின், 1978-ம் ஆண்டு மாதிரி முதல் கார்களிலும் சிறு பிக்-அப் வண்டிகளிலும் இடம்பெற்றது. அந்தோ, அது பெட்ரோல் எஞ்சினின் உடன்பிறப்பு! சிலிண்டர் தலையைப் பிணைக்கும் போல்ட்கள் பெட்ரோல் எஞ்சினில் எத்தனையோ இதிலும் அத்தனையே இருந்தன. டீசலின் பேரழுத்தத்தில் அவை நெகிழ்ந்தன, கேஸ்கட் விட்டது, குளிர்நீர் சிலிண்டருக்குள் புகுந்தது. எண்ணெயில் கலந்த நீரைப் பிரிக்கும் கருவியும் அதில் இல்லை. வழக்குகள் எழுந்தன. 1985-க்குப் பின் அது உற்பத்தியாகவில்லை. அமெரிக்க மக்கள் டீசல் காரை நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கியதற்கு இந்த ஓர் எஞ்சினே பெருங்காரணம் என்பது மிகையாகாது. இன்று பழைய வண்டி தேடுவோர் முதற்கண் அறிந்துகொள்ள வேண்டியதும் இதுவே: 1981-க்கு முந்திய ஷெவர்லே சிறு பிக்-அப் வண்டியில் டீசல் இருந்தால் அது ஓல்ட்ஸ்மொபீல், 1982 முதல் வந்தது டெட்ராய்ட் டீசல் பிரிவு வரைந்த 6.2 லிட்டர் எஞ்சின். இரண்டாவது முதலாவதன் குறையைச் சுமக்கவில்லை. பெயரால் மட்டும் பழி சுமந்தது.

இனிப் போர்டின் கதை. போர்ட் தானே டீசல் எஞ்சின் செய்யவில்லை. டிராக்டருக்கும் கனரக லோரிக்கும் பேர்போன இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்திடம் வாங்கிற்று. அந்நிறுவனம் 1986-ல் நாவிஸ்டார் எனப் பெயர் மாறியது. 1983-ம் ஆண்டு மாதிரியில் வந்தது 6.9 லிட்டர் எஞ்சின்: எட்டு சிலிண்டர், மறைமுகப் பீய்ச்சு, டர்போ இல்லை. 1988-ல் சிலிண்டரின் உள்விட்டத்தை 4.00 அங்குலத்திலிருந்து 4.11 அங்குலமாக அகட்டி 7.3 லிட்டர் ஆக்கினர். பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு இரண்டிலும் 4.18 அங்குலமே.

வெளித்தோற்றத்தில் இவ்விரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிரித்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். தலையைப் பிணைக்கும் போல்ட் 6.9-ல் 7/16 அங்குலப் பருமன், 7.3-ல் அரை அங்குலம். இச்சிறு வேறுபாட்டின் விளைவு சிறிதன்று. டர்போ பூட்டி அழுத்தத்தைக் கூட்டினால் மெல்லிய போல்ட் உடைய 6.9-ன் கேஸ்கட்டுக்கே முதலில் ஆபத்து. அப்படியானால் 7.3 குறையற்றதோ எனின், அதுவும் இல்லை. உள்விட்டத்தை அகட்டியதால் சிலிண்டர்ச் சுவர் மெலிந்தது. எஞ்சின் அதிரும்போது சுவரின் நீர்ப்புறத்தில் நுண்குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் இரும்பில் ஊசிமுனையளவு கொத்துகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல சுவரில் துளை விழுந்து நீர் உள்ளே கசியும். இதைத் தடுக்க ரேடியேட்டர் நீரில் தனி மருந்து கலக்கவேண்டும். 6.9 என்று எண்ணி 7.3 எஞ்சினை வைத்திருப்பவன் இம்மருந்தைக் கருதாமல் விடுவான். அவன் அறியாமைக்கு விலை ஒரு முழு எஞ்சின்.

டர்போவின் வரவு இங்குச் சுவையானது. டர்போ இல்லாத டீசல் எஞ்சின் மலைநாட்டில் மூச்சுத் திணறும். உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறதல்லவா? ராக்கி மலைப்பகுதிகளில் சுமை இழுப்போர் இதனால் தவித்தனர். தொழிற்சாலை தராததைச் சிறு நிறுவனங்கள் தந்தன. கலிபோர்னியாவின் பேங்க்ஸ் நிறுவனம் ‘சைட்வைண்டர்’ என்னும் டர்போத் தொகுதியை விற்றது, ஏ.டி.எஸ். என்னும் நிறுவனமும் விற்றது. சில விற்பனையாளர்கள் புது வண்டியிலேயே பூட்டிக் கொடுத்தனர். ஆதலால் முதல் நாளிலிருந்தே டர்போ இருந்தது என்று பழைய உரிமையாளர் சாதித்தால் அவர் பொய் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. அவர் கூறுவது மெய்யே. ஆனால் தொழிற்சாலை டர்போ என்பது அதனால் மெய்யாகிவிடாது.

தொழிற்சாலையே டர்போ பூட்டியது 1993-லும் 1994-லும் மட்டும். ஆற்றல் 190 குதிரைச் சக்தி. டர்போ இல்லாததைக் காட்டிலும் எண்ணிக்கையில் அதிகம் கூடவில்லை எனினும், எஞ்சினின் உள்ளே பிஸ்டனும் அதைத் தாங்கும் முளையும் பருமனாக்கப்பட்டன. இதுவே அறியவேண்டிய வேறுபாடு. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது டர்போ மட்டுமே. அதைத் தாங்கும் வலிமை உள்ளே இருக்கிறதா என்பது தெரியாது. பேங்க்ஸ் டர்போ, தன் பெயருக்கேற்ப, எஞ்சினின் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கும். தொழிற்சாலை டர்போ எஞ்சினின் பின்புறம் நடுவில் இருக்கும். ஏ.டி.எஸ். டர்போவும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே அமைவதால் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது.

அங்குதான் எண் உதவிக்கு வருகிறது. 1981-ம் ஆண்டு மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் பதினேழு எழுத்தும் இலக்கமும் கொண்ட அடையாள எண் உண்டு. கண்ணாடியின் அடியில், ஓட்டுநர் பக்கத்து மூலையில் அதைக் காணலாம். பத்தாவது இடம் மாதிரி ஆண்டைச் சொல்லும்: ‘டி’ என்றால் 1983, ‘கே’ என்றால் 1989, ‘ஆர்’ என்றால் 1994. ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு மயங்கக்கூடிய ‘ஐ’, ‘ஓ’, ‘க்யூ’ எனும் எழுத்துகள் எண்ணில் எங்கும் வாரா. எட்டாவது இடம் எஞ்சினைச் சொல்லும். போர்ட் வண்டியில் ‘1’ என்றால் 6.9; ‘எம்’ என்றால் டர்போ இல்லாத மறைமுகப் பீய்ச்சு 7.3; ‘எப்’ என்றால் பின்னர்க் கூறப்போகும் ‘பவர் ஸ்ட்ரோக்’. எட்டாவது எழுத்து ‘எம்’ ஆக இருந்து, மூடியைத் திறந்தால் டர்போ தெரியுமாயின், அது வந்தேறிய டர்போ. உள்ளே இருப்பது மெல்லிய பிஸ்டனே என்று கொண்டு, எண்ணெயை அளவோடு விடுவதே அறிவுடைமை.

1994-ன் நடுவில் வந்த ‘பவர் ஸ்ட்ரோக்’ எஞ்சின் முற்றும் புதிது. உள்விட்டமும் பிஸ்டன் ஓட்டமும் பழைய எஞ்சினின் அளவுகளே. ஆதலால் 444 கன அங்குலம் என்ற கணக்கும் மாறவில்லை. மற்றெல்லாம் மாறின. நேர்ப் பீய்ச்சு, தொடக்கம் முதலே டர்போ, மின்னணுக் கட்டுப்பாடு. பழைய எஞ்சினில் முன்புறத்துப் பம்பிலிருந்து எட்டு எஃகுக் குழாய்கள் சிலந்திக் கால்கள்போல் விரிந்து எட்டு சிலிண்டருக்கும் செல்வதைக் காணலாம். பவர் ஸ்ட்ரோக்கில் அந்தக் குழாய்களைத் தேடினாலும் கிடையா. பீய்ச்சிகள் வால்வு மூடியின் உள்ளே மறைந்திருக்கின்றன. எஞ்சினின் மசகு எண்ணெயே சதுர அங்குலத்துக்கு 500 முதல் 3,000 ராத்தல் வரை அழுத்தப்பட்டு, பீய்ச்சியின் உள்ளே டீசலை ஏழு மடங்கு அழுத்தத்தோடு தள்ளுகிறது. கேட்டர்பில்லர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவான முறை இது. இந்த எஞ்சினுக்கு மசகு எண்ணெய் உராய்வு தணிக்க மட்டுமன்று, பீய்ச்சவும் வேண்டும். எண்ணெய் குறைந்தால் எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. பழைய 7.3-ல் பழகிய கம்மியர் இதை அறியாமல், டீசல் குழாயைக் குற்றம் சாட்டி நாள் கழிப்பதுண்டு.

ஏன் இந்தத் திடீர் மாற்றம்? போட்டி ஒரு காரணம். மற்றொன்று சட்டம். 1994-ம் ஆண்டு மாதிரி முதல் கனரக டீசல் எஞ்சின்கள் வெளிவிடும் கரித்துகளின் அளவை அமெரிக்க அரசு வெகுவாகக் குறைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சாலை டீசலில் கந்தகத்தின் அளவையும் குறைத்தது. போர்ட் பிக்-அப் வண்டிகளில் சிற்றறைகளில் தீமூட்டி வந்த பழைய முறை அத்துடன் முடிவு கண்டது. எஞ்சின்கள் மாறுவது பொறியாளன் விருப்பத்தால் என்று பலர் எண்ணுகின்றனர். புகைச் சட்டங்களின் ஆண்டுகளை ஒருபுறமும் எஞ்சின் மாதிரிகளின் ஆண்டுகளை மறுபுறமும் எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பவர் ஸ்ட்ரோக்கிலும் உட்பிரிவு உண்டு. 1997 வரை வந்த பழைய உடலமைப்பில் டர்போ தள்ளும் சூடான காற்று நேரே எஞ்சினுக்குள் சென்றது. 1999-ம் ஆண்டு மாதிரியான ‘சூப்பர் ட்யூட்டி’யில் அக்காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கப்பட்டது. இடையில் 1998-ம் ஆண்டு மாதிரி டீசல் பிக்-அப் எதையும் போர்ட் விற்கவில்லை. 1998-லேயே கடைக்கு வந்த புதிய வண்டி 1999 மாதிரி என்றே எண்ணப்பட்டது. ஆகவே ‘1998 மாதிரி பவர் ஸ்ட்ரோக் பிக்-அப்’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால், பத்தாவது எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவது நன்று.

போர்டைப் போட்டிக்கு இழுத்தது டாட்ஜ். 1989-ம் ஆண்டு மாதிரியில் டாட்ஜ் வண்டிக்குள் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின், மற்றவைபோல் எட்டு சிலிண்டர் அன்று. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் நிற்பது. கேஸ் என்னும் டிராக்டர் நிறுவனத்தோடு கம்மின்ஸ் கூட்டாக உருவாக்கிய எஞ்சின் குடும்பம் அது. உழவு இயந்திரங்களிலும் மண்வாரி இயந்திரங்களிலும் நாள் முழுதும் உழைக்கப் பிறந்தது. நேர்ப் பீய்ச்சும் டர்போவும் அதற்குப் பிறவிக் குணங்கள். டர்போவைச் செய்தது இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு நகரத்து ஹோல்செட் நிறுவனம். 1973 முதல் அது கம்மின்ஸுக்கே உடைமை. ஆற்றல் 160 குதிரைச் சக்திதான். போர்டின் டர்போ இல்லாத 7.3-ஐ விடவும் குறைவு! ஆனால் முறுக்கு விசை 400 ராத்தல்-அடி. சுமை இழுப்பவனுக்கு வேண்டியது முறுக்கு விசையே என்பதை விற்பனை காட்டிற்று.

இங்கே டர்போ உண்டா இல்லையா என்ற கேள்வி எழாது. எந்த டர்போ, எந்தப் பம்பு என்பதே கேள்வி. 1991-ன் நடுப்பகுதி வரை இன்டர்கூலர் இல்லை. அதன் பின் வந்தவற்றில் ரேடியேட்டரின் இருபுறமும் பருத்த காற்றுக் குழாய்கள் ஓடுவதைக் காணலாம். 1993 வரை பாஷ் நிறுவனத்தின் உருண்டையான சிறு பம்பு. 1994 முதல் அதே நிறுவனத்தின் நீண்ட பம்பு. ஆறு குழாய்களும் வரிசையாக அதன் தலையிலிருந்து கிளம்பும். எஞ்சினின் இடப்பக்கத்தைக் குனிந்து நோக்கினால் பள்ளி மாணவனும் இதைக் கண்டறிவான். அந்த நீண்ட பம்பு முழுதும் இயந்திர வகை. மின்னணு ஏதும் இல்லை. திருப்புளி கொண்டே எண்ணெயின் அளவைக் கூட்டலாம் என்பதால் அந்த ஐந்தாண்டு வண்டிகளுக்கு இன்றும் விலை குறையவில்லை.

1998-ன் நடுவில் இன்னொரு மாற்றம். சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்றிருந்தது நான்காயிற்று. பம்பு மின்னணு வகையாயிற்று. ஆகவே 1998 என்று மட்டும் சொன்னால் போதாது. மேலே ஆறு தனித்தனிச் சிறு மூடிகள் இருந்தால் பன்னிரண்டு வால்வு எஞ்சின். ஒரே நீண்ட மூடி இருந்தால் இருபத்துநான்கு. பின்னதன் பம்புக்கு டீசல் குறைவின்றி ஊட்டப்படவேண்டும். ஊட்டும் சிறு பம்பு தளர்ந்தால் விலையுயர்ந்த பெரிய பம்பும் கெடும். அவ்வகையில் சில ஆண்டுகளின் வார்ப்புகளில், இடப்பக்கம் ‘53’ என்ற எண் புடைத்திருக்கும். பிரேசில் நாட்டில் வார்த்த அக்கட்டைகளின் நீர்ச்சுவர் மெல்லியது. வலப்பக்கத்தில் விரிசல் காண்பதுண்டு. வாங்குவோர் கைவிளக்கு எடுத்துச் சென்று முதலில் தேடுவது இந்த இரண்டிலக்கத்தையே.

ஜெனரல் மோட்டார்ஸின் பிற்கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 6.2 லிட்டர் எஞ்சின் பிக்-அப் வண்டிகளில் தொழிற்சாலை டர்போவுடன் வந்ததில்லை. டர்போ இருந்தால் அது பின்னர்ச் சேர்ந்ததே. எட்டாவது எழுத்து ‘சி’ என்றால் இலகு வண்டிக்குரியது. ‘ஜே’ என்றால் மொத்த எடை 8,500 ராத்தலுக்கு மேற்பட்ட வண்டிக்குரியது. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே செலுத்தும் கருவி பின்னதில் இல்லை. 1992-ல் உள்விட்டத்தை அகட்டி 6.5 ஆக்கி, வலப்பக்கத்தில் டர்போ பூட்டினர். கனரக வண்டிகளில் அதன் எழுத்து ‘எப்’. போர்டிலும் ‘எப்’ எழுத்து உண்டே என மயங்கவேண்டா. எட்டாம் எழுத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 1994-ல் இந்த 6.5-ன் பம்பும் மின்னணு வகையாயிற்று. அப்பம்பின் பக்கத்திலேயே பொருத்திய மின்னணுப் பெட்டி எஞ்சின் சூட்டில் வெந்து செயலிழப்பது வழக்கமாகிவிட்டது. அதைக் கழற்றிக் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றியவர்களே வழியில் நிற்காமல் ஊர் சேர்ந்தனர். 2001-ல் ‘டூராமேக்ஸ்’ வந்தபின் பிக்-அப் வண்டிகளில் அவ்வெஞ்சினுக்கு இடமில்லாமற் போயிற்று.

எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பதினேழு இலக்க எண் சொல்வது தொழிற்சாலை எதைப் பூட்டியது என்பதை மட்டுமே. முப்பது ஆண்டு உழைத்த வண்டியில் எஞ்சின் மாற்றப்பட்டிருத்தல் அரிதன்று. ஓல்ட்ஸ்மொபீல் எஞ்சினைக் கழற்றிப் பெட்ரோல் எஞ்சின் வைத்தவர் பலர், போர்ட் வண்டிக்குள் கம்மின்ஸ் எஞ்சினை இறக்கியவரும் உளர். கம்மின்ஸ் எஞ்சினுக்குத் தன் பல்சக்கரக் கூட்டின் இடப்பக்கத்தில் சொந்தத் தகடு உண்டு. எஞ்சினின் தொடரெண்ணும், எந்தெந்தப் பாகங்கள் கொண்டு அது கட்டப்பட்டது என்பதைக் காட்டும் மற்றோர் எண்ணும் அதில் இருக்கும். அத்தகைய வண்டிக்கு உதிரிப் பாகம் வாங்கச் செல்லும் அனுபவசாலிகள் பதிவுச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு, அந்தத் தகட்டைத் துடைத்து, அதிலுள்ள எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு போகின்றனர்.